நரம்பு, நாடி, தொழுநோய்: ஓர் எல்லைப்புறச் சொல்வரலாறு

புற நரம்புகளுள் ஒன்றோடொன்று அடுத்திராத சில, உடலின் வெவ்வேறு இடங்களில், பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் பழுதுறும் நிலையை மருத்துவர் மானோநியூரைட்டிஸ் மல்டிப்ளெக்ஸ் என்பர். வலக்கை முழங்கையருகே ஒரு நரம்பும், இடக்கால் முழங்காற்புறத்தே மற்றொன்றும் கெடும். இடைப்பட்டவை நலமாகவே இருக்கும். இரு பாதங்களும் ஒருசேர மரத்து, அம்மரப்பு மேலேறுவது நீரிழிவில் பெரிதும் காணப்படும் வேறொரு நிலை. சிதறிய இப்பழுது குருதிக்குழாய் அழற்சியாலும் நேரும். 1866இல் செருமானியரான குஸ்மவுலும் மையரும் விரித்துரைத்த நோயாளியிடம் அதனைக் காணலாம். எனினும் இந்தியாவில் இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று தொழுநோய். அந்நோயை நரம்பின் நோயாக அறிந்த வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் சந்திக்கும் தடை, மருத்துவத்தைச் சார்ந்ததன்று, சொல்லைச் சார்ந்தது.

நோய்ப்பெயர்கள் எவையும் நரம்பைச் சுட்டுவனவாக இல்லை. ‘குட்டம்’ வடமொழிக் குஷ்டத்தின் தமிழ் வடிவம். ஆயுர்வேத நூல்கள் பதினெட்டு வகைக் குட்டங்களைக் கூறித் தோலின் நிறமும் புண்ணும் கொண்டே அவற்றைப் பிரித்தன. உணர்வின்மையை அவை அறியாமலில்லை. பல அறிகுறிகளுள் ஒன்றாக அதனை அடக்கின. ‘பெருவியாதி’ அச்சத்தின் அளவைக் கூறும் பெயர். ‘தொழுநோய்’ நாலடியாரிலேயே பயிலும் பழஞ்சொல். தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், நண்டின் காலை ஒடித்துத் தின்ற முன்வினையின் பயனாக, உள்ளங்கை எஞ்ச விரல்கள் அழுகும் நோயாக அது கூறப்படுகிறது. விரல் தானே அழுகி விழும் என்னும் கருத்து அங்குத் தெளிவாகவே உள்ளது. அக்கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவரிடையேயும் நிலவியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இனி ‘நரம்பு’ என்னும் சொல். யாழின் நரம்பு யாவரும் அறிந்தது. புறநானூற்று 278ஆம் பாடலில் முதியவளின் தோளில் எழுந்து தோன்றும் நரம்பு, இன்றைய பாடநூல் ‘சிரை’ எனக் குறிப்பதாகும். தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும் மக்கள் நரம்பென்றே வழங்குவர். இழுத்துக் கட்டிய கயிறு போன்ற அனைத்தும் நரம்பாயின. மேலை உடற்கூற்றியல் இவற்றை மூன்றாகப் பிரித்து, உணர்வைக் கடத்தும் ஒன்றற்கு மட்டும் தனிப்பெயர் வேண்டியபோது, தமிழுலகு ஒரே முடிவிற்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவே மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் குருதியை இதயத்தினின்று கொண்டுசெல்வது ‘நாடி’, மீட்டுக் கொணர்வது ‘நாளம்’, உணர்வு கடத்துவது ‘நரம்பு’. தமிழ்நாட்டில் முன்னவை இரண்டும் ‘தமனி’, ‘சிரை’ ஆயின. ‘நாடி’ கைபிடித்துப் பார்க்கும் துடிப்பாகவே நின்றது. மலையாளத்திலோ ‘நாடி’யே நரம்பைக் குறிக்கும் கலைச்சொல், ‘ஞரம்பு’ பேச்சு வழக்கில் குருதிக்குழாய்.

ஒரே சொல் மூன்று நிலங்களில் மூன்று உறுப்பைச் சுட்டும் இந்நிலை, எல்லைப்புறத்தில் ஏட்டளவில் நில்லாது. நெய்யாற்றின்கரை வட்டத்து அதியன்னூர், பாறசாலைப் பகுதி அத்தகைய நிலம். 1956 நவம்பர் 1வரை இதுவும் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களும் ஒரே திருவிதாங்கூர் (பின்னர் திரு-கொச்சி) ஆட்சியில் இருந்தன. கல்குளம் வட்டத்து நெய்யூரில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணியை 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கினார். பிற்காலத்தில் அங்குத் தொழுநோயர்க்கும் இல்லம் அமைந்தது. திருவிதாங்கூர் அரசு 1934இல் நூறநாட்டில் தொழுநோய் மருத்துவமனையை நிறுவியது. எல்லை வகுக்கப்பட்டபின் நெய்யூர் தமிழ் ஆட்சிமொழியின் கீழும், அதியன்னூர் மலையாள ஆட்சிமொழியின் கீழும் வந்தன. மருந்தின் பெயரும் இரண்டுபட்டது: மலைத்தொடர்ச்சிக் காடுகளில் விளைந்து, சல்ஃபோன் மருந்துகளுக்கு முன் தொழுநோய்க்குப் பயன்பட்ட எண்ணெய்வித்து இப்பால் ‘நீரடிமுத்து’, அப்பால் ‘மரோட்டி’.

நோயின் இயல்பு தெளிந்த கதைக்குக் களம் வேலூரும் செங்கற்பட்டும். நார்வேயில் டானியெல்சனும் பேக்கும் 1847இலேயே உணர்விழப்பு வகையை வேறுபடுத்தியிருந்தனர். 1873இல் ஆன்சன் கிருமியைக் கண்டார். ஆயினும் கை ஏன் மடங்குகிறது, விரல் ஏன் குறைகிறது என்பன விளங்கவில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1947இல் இராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மடங்கிய கையொன்று தம் கையை வலிக்குமளவு அழுத்தக் கண்டு, அக்கையில் சில தசைகள் மட்டுமே செயலிழந்தன என உணர்ந்தார். பின்னர் உடற்கூற்றாய்வில், நரம்புகள் முழுநீளமும் கெடாது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் அருகே, தோலையொட்டிச் செல்லுமிடங்களில் மட்டும் தடித்திருந்தமை புலப்பட்டது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே கிருமி விரும்புகிறது. விரல் அழுகுவதில்லை, வலியறியாத விரல் சுடுகலத்தாலும் கருவியின் உராய்வாலும் புண்பட்டுப் புண்பட்டுத் தேய்கிறது. நாலடியார்க் கருத்து இங்குதான் முடிவுற்றது எனலாம்.

பிராண்ட் 1948முதல் செய்த அறுவை, செத்த நரம்பைத் தொடாது, நலமான தசையின் நாணை வேறிடத்தில் இணைப்பது. ‘தசைநாண்’ என்னும் கலைச்சொல்லை அறியாதார்க்கு அதுவும் ‘நரம்பை மாற்றிக் கட்டுதலே’. கெட்டதும் நரம்பு, கட்டியதும் நரம்பு எனின், அறுவைக்குப் பின்னும் உணர்வு திரும்பாமை நோயாளிக்கு எவ்வாறு விளங்கும்? கை மீண்டும் மூடித் திறக்கும்; சூடு மட்டும் தெரியாது. இதனை விளக்கத் தவறிய மொழிபெயர்ப்பு மீண்டும் புண்ணுக்கே வழிவகுக்கும்.

நோய்த்தொகுதியின் பெயரைத் தமிழாக்குங்கால் பன்மையே இடர். ‘பன்னரம்பழற்சி’ எனின் இருபுறமும் ஒத்துப் பரவும் நோய் என்று பொருள்படும், அது பாலிநியூரைட்டிஸ். இங்குப் பன்மை நரம்பிற்கன்று, நிகழ்விற்கு உரியது: தனி நரம்பு கெடுதல், பலமுறை. ஆதலின் ‘பல்லிடத் தனிநரம்பு நோய்’ என்பது நீண்டதாயினும் ஏற்புடையது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் ஆயத்தச் சொல்லைக் கையாள்வது பெருந்தவறு. ஆண்மைக்குறை மருந்து விளம்பரங்களால் அச்சொல் கறைபட்டுவிட்டது. எல்லைக்கு அப்பால் நிலைமை இன்னும் மோசம். மலையாளத்தில் ‘ஞரம்புரோகி’ என்பது காமக்கோளாறு உடையவனை ஏசும் சொல். ‘நரம்பு நோயாளி’ எனத் தமிழ் மருத்துவர் எழுதித் தரும் குறிப்பை அதியன்னூரார் ஒருவர் உரக்கப் படிக்கத் தயங்கினால் வியப்பில்லை.

இத்தயக்கத்திற்கு விலை உண்டு. நரம்பு புதிதாகச் செயலிழந்து ஆறு திங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து அளிப்பின் அது மீள்வதற்கு வாய்ப்புண்டு. காலம் கடப்பின் அரிது. வீடுதோறும் சென்று தொழுநோய் தேடும் ‘அசுவமேதம்’ திட்டத்தைக் கேரள அரசு 2018இல் தொடங்கியது. அத்தகைய கள ஆய்வில் வினாவின் சொல்லே கருவி. ‘நரம்பு’, ‘நாடி’ இரண்டும் இவ்வெல்லையில் மயக்கம் தருவன. தமிழின் ‘மரப்பு’, மலையாளத்தின் ‘மரவிப்பு’ இரண்டும் ஒரே வேரின. இருபாலும் உணர்வழிதலைக் குறிப்பன. உறுப்பின் பெயரைக் கூறாது, ‘எந்த இடம் மரத்திருக்கிறது, எந்த விரல் நிமிரவில்லை’ என ஒவ்வோரிடமாகக் கேட்கும் படிவம், இரு மொழியிலும் பிழையின்றி அமையக் கூடியது.