பார்க்காத உலோகத்துக்கு ஒரு மூசை



'வெள்ளம் வருமுன் அணை போடு' என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? சேமிப்பு, தேர்வுக்கு முன்கூட்டியே படிப்பது, மழைக்குக் குடை. நான்காம் படிவக் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒரு வேதியியலாளரின் வரலாற்றை வகுப்புக்குக் கொண்டு போனேன். உங்களுக்கும் பயன்படலாம்.

அவர் பெயர் லியோ புரூவர். 1919இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கையோடு மான்ஹாட்டன் திட்டத்தில், அதாவது அணுகுண்டு தயாரிக்கும் ரகசியத் திட்டத்தில், அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

என்ன வேலை தெரியுமா? மூசை செய்வது! பொற்கொல்லர் தங்கத்தை உருக்கும் அந்தச் சிறு கலத்தைத்தான் மூசை என்கிறோம். புரூவர் செய்ய வேண்டியது புளூட்டோனியத்தை உருக்கும் மூசை.

இங்கேதான் சிக்கல். புளூட்டோனியம் 1941இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1942 செப்டம்பரில் முதன்முதலாக எடை போட்டுப் பார்த்த புளூட்டோனியச் சேர்மம் வெறும் 2.77 மைக்ரோகிராம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு! அந்த உலோகம் எத்தனை பாகையில் உருகும், எதை அரிக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் உலோகம் வந்து சேரும்போது மூசை தயாராக இருக்க வேண்டும். மூசையிலிருந்து சிறிது அழுக்குகூட கலக்கக் கூடாது. லேசான தனிமங்கள் கலந்தால், புளூட்டோனியத்தின் ஆல்ஃபா துகள்கள் அவற்றில் மோதி நியூட்ரான்களைக் கிளப்பும். குண்டு உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிசுபிசுத்துவிடும் என்று பயந்தார்கள்.

பேராசிரியர் ஈஸ்ட்மேன் தலைமையில் புரூவரும் நண்பர்களும் என்ன செய்தார்கள், பாருங்க. தனிம அட்டவணையில் அக்கம்பக்கத்துத் தனிமங்களை வைத்து, இந்தப் புது உலோகம் எவ்வளவு மோசமாக நடந்துகொள்ளக்கூடும் என்று கணக்குப் போட்டார்கள். நல்லதை எதிர்பார்க்கவில்லை, மிக மோசமானதையே எடுத்துக்கொண்டார்கள். மிக அதிக வெப்பத்தில் உருகும், எல்லாவற்றையும் அரிக்கும் என்று வைத்துக்கொண்டு அதற்கு ஈடுகொடுக்கும் பொருளைத் தேடினார்கள்.

அதற்குக் கைகொடுத்தது வெப்ப இயக்கவியல். விஷயம் எளிமையானதுதான். மூசைக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் உறுதி ஒரு பக்கம். உருகிய உலோகம் அவற்றைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் கிடைக்கும் உறுதி மறுபக்கம். முதல் பக்கம் கனமாக இருந்தால் மூசை பிழைக்கும். இப்படித் தேடியதில் கிடைத்தது சீரியம் மோனோசல்ஃபைடு. பித்தளை மாதிரி மஞ்சளாக மின்னும். 2,400 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதில் மூசை செய்தார்கள்.

கடைசியில் புளூட்டோனியம் வந்தது. உருகுநிலை எவ்வளவு? வெறும் 640 பாகை! அலுமினியத்தைவிடக் குறைவு. பிறகு 1944இல் குண்டின் வடிவமைப்பே மாறியதால், அந்த அளவு தூய்மையும் தேவைப்படவில்லை. எளிய மக்னீசியம் ஆக்சைடு மூசையே போதும் என்றாகிவிட்டது.

அப்படியானால் உழைப்பு வீணா? இல்லீங்க. அந்த மூசையை அரிக்காத உலோகங்கள் பல. ஆனால் எதையும் எளிதில் சேராத 'சாது' என்று பெயரெடுத்த பிளாட்டினம் அதைப் பிய்த்துப்போட்டது. ஏன்? இந்தக் கேள்வியைப் புரூவர் விடவில்லை. 1946 முதல் பெர்க்லியில் ஆசிரியராக இருந்துகொண்டே உலோகங்கள் ஒன்றோடொன்று சேரும் விதத்தை ஆராய்ந்தார். 1970களில் தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து, மிக உறுதியான சிர்கோனியம் கார்பைடிலிருந்தே பிளாட்டினம் சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்வதைக் காட்டினார். இடையில் 1961இல், லூயிஸ், ராண்டல் இருவரும் எழுதிய புகழ்பெற்ற வெப்ப இயக்கவியல் பாடநூலைப் பிட்சரோடு சேர்ந்து திருத்தி வெளியிட்டார். 2005இல் காலமானார்.

வகுப்பில் கதையை இங்கேயே முடித்துவிட்டேன். ஒரு மாணவி கை தூக்கினாள். "சார், அந்தப் புளூட்டோனியம் அப்புறம் எங்க போச்சு?"

சொல்லாமல் விட்டது நான்தான். 1945 ஆகஸ்ட் 9, நாகசாகி. ஒரே குண்டில் பல்லாயிரம் பேர். சொன்னதும் வகுப்பு அமைதியானது. இன்னொருவன், "சயாம் ரயில் போட எங்க கொள்ளுத்தாத்தாவ ஜப்பான்காரன்தான் கொண்டு போனான் சார்," என்றான். அவன் சொன்னதும் உண்மை. அவள் கேட்டதும் நியாயம். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டதும் நல்லதுக்கே. அன்றைக்குப் பிள்ளைகள் தாங்களே வாதிட்டு எழுதிய கட்டுரைகளில் குடையும் இல்லை, உண்டியலும் இல்லை.

நீங்களும் முயன்று பாருங்கள், ஆசிரியர்களே. ஒரே ஒரு வேண்டுகோள்: மூசையோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். அணை போட்டவரின் அறிவைப் பாராட்டுவோம். அணைக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்றும் பிள்ளைகளைக் கேட்க விடுவோம்.