கட்டவிழ்க்கும் கருவி

ஒரு கட்டைக் கட்டுபவர் ஒருவர். அதனை அவிழ்ப்பவர் பலர். எம்முறையில் கட்டுவது என்பதைக் கட்டுபவர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். கட்டைப் பெற்றவருக்கோ அவ்வுரிமை இல்லை; உள்ளிருப்பதைக் காண வேண்டுமாயின் வந்த கட்டை அவிழ்த்தே தீர வேண்டும். கணிப்பொறிக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் கலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அவிழ்க்கும் கருவி எல்லாருக்கும், எல்லாப் பொறிகளிலும், விலையின்றிக் கிடைக்காவிடில் கட்டு வெறும் மூட்டையாகவே கிடக்கும். இதனை உணர்ந்த சிலர் அக்கருவியை ஆக்கி உலகுக்கு வழங்கினர். அவ்வரலாற்றையும், வழங்கியதைக் காத்துவர அவர்கள் பட்ட பாட்டையும் இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

முதற்கண், சுருக்குதல் என்பது யாது? நம் பழைய கணக்கேடுகளை நினைவு கூருங்கள். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமிடத்தில் கணக்கர் 'மேற்படி' என்று எழுதி நிறுத்துவார். படிப்பவர் மேலே நோக்கி நிரப்பிக்கொள்வார். பொருளில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. 1977-இல் இசுரேல் நாட்டு அறிஞர்களான ஜேக்கப் சிவ், ஆப்ரகாம் லெம்பெல் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையின் சாரம் இதுவே. 'இத்தனை எழுத்துகளுக்கு முன் வந்ததை இத்தனை எழுத்தளவு மீண்டும் எழுதுக' என்னும் சிறு குறிப்பு, திரும்ப வரும் பகுதிக்கு ஈடாக நிற்கிறது. அதற்கு முன்னரே, 1952-இல், அமெரிக்கரான டேவிட் ஹஃப்மன் மற்றொரு வழி காட்டியிருந்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் அளிப்பது அவ்வழி. ஆங்கிலத் தந்தி மொழியில் 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒரே புள்ளி அமைந்தது இக்காரணம் பற்றியே. இவ்விரு வழிகளும் இணைந்து பிறந்ததே டிஃப்ளேட் என்னும் சுருக்கமுறை.

1980-களில் கோப்புகள் தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல மெல்லச் சென்றன. கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஆகவே சுருக்கும் கருவிக்குப் பெரும் தேவை எழுந்தது. அமெரிக்காவில் 1985-இல் ஒரு சிறு நிறுவனம் ஆர்க் என்னும் கருவியை வெளியிட்டது. பில் காட்ஸ் என்னும் இளைஞர் அதே வகைக் கட்டுகளை அதனினும் விரைவாகக் கையாளும் கருவியொன்றைச் செய்தார். 1988-இல் வழக்கு மூண்டு, உடன்பாட்டில் முடிந்தது. காட்ஸ் பழைய அமைப்பை விடுத்து, 1989-இல் ஜிப் என்னும் புதிய கோப்பமைப்பைப் படைத்தார். அவர் செய்த மற்றொரு செயலே நம் வரலாற்றின் திருப்பம். ஜிப் கோப்பின் உள்ளமைப்பை விளக்கும் ஏட்டை, யாவரும் பயன்கொள்ளுமாறு பொதுவில் வெளியிட்டார். பூட்டின் இலக்கணம் ஊரறிந்ததாயிற்று. இனித் திறவுகோலை எவரும் செய்யலாம்.

ஆயினும் காட்ஸின் கருவி டாஸ் என்னும் அமைப்பில் இயங்குவது. யூனிக்ஸ், வி.எம்.எஸ்., அமிகா, அட்டாரி, ஐ.பி.எம். பெரும்பொறி எனப் பிற பொறிகளை உடையவர் என் செய்வர்? சாமுவேல் ஸ்மித் என்பவர் 1989-இல் எழுதிய அவிழ்ப்பு நிரலை அடிப்படையாகக் கொண்டு, 1990-இல் இன்ஃபோ-ஜிப் என்னும் தன்னார்வக் குழு உருவாயிற்று. பல நாடுகளில் வாழ்ந்த அவர்களை இணைத்தது மின்னஞ்சல். அவர்கள் செய்த கருவி அன்ஜிப். அதற்கு விலை வைத்தாரில்லை. மூல நிரலையும் மறைத்தாரில்லை.

ஒரு நிரலைப் பல பொறிகளுக்கு ஏற்றதாக்குவது எளிதன்று. ஒரு பொறி எண்ணின் சிறிய பகுதியை முன்னே வைக்கும். மற்றொன்று பெரிய பகுதியை முன்னே வைக்கும். வரி முடிந்ததைக் காட்ட டாஸ் இரு குறிகளை இடும். யூனிக்ஸும் பழைய மாக்கின்டாஷும் ஒவ்வொன்று இடும், அவையும் வெவ்வேறு. ஐ.பி.எம். பெரும்பொறியில் எழுத்துகளின் எண்களே வேறு. ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அப்படியே அவிழ்த்தால் அங்கே பொருளற்ற குறிகளே தோன்றும். டாஸில் கோப்பின் பெயர் எட்டெழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டுமாக அமைய வேண்டும். யூனிக்ஸிலோ நீண்ட பெயர்கள் உண்டு. நாட்கணக்கும் அவ்வாறே. டாஸ் வழிவந்த ஜிப் 1980-ஆம் ஆண்டிலிருந்து இரண்டிரண்டு விநாடியாக எண்ணும். யூனிக்ஸ் 1970-இலிருந்து ஒவ்வொரு விநாடியாக எண்ணும். இவை அனைத்துக்கும் ஈடுகொடுத்து, இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வந்ததும் அனுப்பியதும் ஒன்றே எனக் கருவி உறுதி செய்ய வேண்டும். இதற்கெனப் பொறிவகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதியை மூல நிரலில் அமைத்தனர். ஒரு பொறியை உடையவர் அதன் பகுதியை எழுதித் தருவார்; பிறர் தத்தம் பொறியில் சோதிப்பர்.

இனி, வழங்கிய முறையைக் காண்போம். கருவியோடு சில ஏடுகளும் சென்றன. எங்கெங்கே அதனைப் பெறலாம் எனக் கூறுவது ஓர் ஏடு. அறிந்த பிழைகளை ஒளிக்காமல் பட்டியலிடுவது ஓர் ஏடு. உதவியோரின் பெயர்களை நன்றியுடன் பதிவு செய்வது ஓர் ஏடு. தம் பிழையைத் தாமே பட்டியலிட்டு விநியோகிக்கும் வணிகரைக் காண்பது அரிது. கட்டணம் பெறாதவர்களுக்கோ அந்நேர்மை எளிதாயிற்று.

இடையூறுகள் சட்டத்தின் வழியாகவும் வந்தன. மறைகுறி நிரல்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1990-களில் அமெரிக்கா கட்டுப்படுத்தி வந்தது. எனவே கடவுச்சொல் இட்ட கட்டுகளை அவிழ்க்கும் பகுதியைத் தனியே பிரித்து, அந்நாட்டுக்கு வெளியேயிருந்து வழங்க நேர்ந்தது. 2000-இல் கட்டுப்பாடு தளர்ந்தது. மற்றொரு தடை காப்புரிமை. எல்.இசட்.டபிள்யூ. என்னும் சுருக்கமுறை யுனிஸிஸ் நிறுவனத்தின் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. யூனிக்ஸில் வழங்கிய பழைய சுருக்கக் கருவி அம்முறையையே நம்பியிருந்தது. அதற்கு மாற்றாக, இன்ஃபோ-ஜிப் குழுவினரான ழான்-லூ கையி சுருக்கும் பகுதியையும், மார்க் ஆட்லர் விரிக்கும் பகுதியையும் எழுத, 1992-இல் ஜிஜிப் என்னும் கட்டற்ற கருவி வெளிவந்தது. 1994 டிசம்பரில், ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அதன் விளைவாகப் பி.என்.ஜி. என்னும் புதிய படவமைப்பு பிறந்தது. அதற்கென அவ்விருவரும் 1995-இல் இசட்லிப் என்னும் நிரல்தொகுப்பை அளித்தனர். டிஃப்ளேட் முறையின் இலக்கணம் 1996 மே மாதத்தில் இணையத்தின் பொது ஆவணமாயிற்று.

இன்று அலுவலக ஆவணமாகிய டாக்எக்ஸ் கோப்பும், ஈபப் மின்னூலும் உள்ளே ஜிப் கட்டுகளே. அவற்றைத் திறப்பவர், உள்ளே ஒரு கட்டு அவிழ்வதை அறியார். இவ்வாறு அறியப்படாமையே இக்கருவிகளின் வெற்றி. அதுவே அவற்றின் இடரும் ஆகும்.

2002 மார்ச்சில் இசட்லிப்பில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒருமுறை விடுவித்த நினைவகத்தை அது சில வேளைகளில் மீண்டும் விடுவித்தது. தீயோர் புக அது வழியாகக் கூடும். திருத்தம் விரைவில் வந்தது. ஆனால் எண்ணற்ற மென்பொருள்கள் அத்தொகுப்பைத் தம்முள் படியெடுத்து வைத்திருந்தமையால், ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. அன்ஜிப் கருவியின் 6.0 பதிப்பு 2009 ஏப்ரலில் வந்தது. நான்கு கிகாபைட்டினும் பெரிய கட்டுகளை அவிழ்க்கும் ஆற்றலை அது பெற்றது. அதன்பின் பல்லாண்டுகள் முறையான புதுப்பதிப்பு வரவில்லை. இடையே கண்ட குறைகளை லினக்ஸ் வழங்குவோர் ஒட்டுப்போட்டு அடைத்தனர்.

2024-இல் நேர்ந்தது இதனினும் கொடிது. எக்ஸ்இசட் என்னும் மற்றொரு கட்டற்ற சுருக்கக் கருவியை நெடுங்காலம் காத்துவந்தவர் பெரும்பாலும் ஒருவரே. அது ஊதியமற்ற ஓய்வுநேரப் பணி என அவர் 2022-இல் வெளிப்படையாகவே கூறினார். விரைந்து செய்யுமாறு சிலர் அவரை நெருக்கினர். துணைக்கு வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைய ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாவதைக் கண்டு, காரணத்தைத் துருவி ஆராய்ந்து, மார்ச் 29-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். பரவலாகப் புகுமுன் தீங்கு தடுக்கப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? ஒரு கருவியைச் செய்து இலவசமாக அளிப்பது ஒருநாள் கொடை. பிழை கூறுவோர்க்கு விடை பகர்ந்து, புதிய பொறிக்கு ஏற்பத் திருத்தி, பழைய கட்டும் திறக்குமாறு காத்துவருவது வாழ்நாள் தொண்டு. ஏரி நீரை ஊரார் அனைவரும் கொள்வர். கரை காக்கும் வேலையை ஒருவர் தலையில் சுமத்தினால் அவர் தளர்வார், கரையும் உடையும். அதனாலன்றோ நம் முன்னோர் குடிமராமத்து என்று அவ்வேலையை ஊர் முழுவதற்கும் பங்கிட்டனர்? விலையின்றிப் பெறும் கருவிக்கும் பயன்கொள்வோர் கடன்பட்டவரே. பொருளுடைய நிறுவனங்கள் பொருளாலும், அறிவுடையோர் உழைப்பாலும் அக்கடனைத் தீர்க்க வேண்டும். ஏனையோர், பிழையைக் கண்டால் பொறுமையுடன் எடுத்துரைத்து, பணிபுரிவோரைக் கடிந்துகொள்ளாதிருப்பதேனும் செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தால், இன்று நாம் கட்டிவைக்கும் கட்டுகள் நம் பேரப்பிள்ளைகள் கையிலும் அவிழும்.