எள்ளலும் பட்டினியும்: டிக் கிரிகோரி

1962-ஆம் ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் லஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், அமெரிக்க மைய அரசு ஏழைகளுக்கு அளித்துவந்த உபரி உணவுப் பொருள்களை இனி வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. அவற்றை நம்பியிருந்தோர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் பருத்திக் காடுகளில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பின மக்கள். அறுவடை முடிந்தபின் குளிர்காலத்தில் அவர்களுக்கு வருமானம் கிடையாது. மாவட்டத்தின் தலைநகரான கிரீன்வுட்டில் அவர்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொள்ள முற்பட்டதுதான் குற்றம். அடியும் சிறையும் சாதிக்காததை வயிறு சாதிக்கும் என்று அந்நிர்வாகம் கணக்கிட்டது.

1963 பிப்ரவரியில் இக்கணக்கைக் குலைக்க வந்தவர்களுள் ஒருவர் மேடை நகைச்சுவையாளர். டிக் கிரிகோரி ஏற்பாடு செய்த வாடகை விமானத்தில் 14,000 பவுண்டு உணவுப் பொருள்கள், அதாவது ஆறாயிரம் கிலோவுக்கு மேல், வந்து சேர்ந்தன.

பட்டினி அவர் ஏட்டில் படித்த பொருளன்று. 1932-இல் செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். வகுப்பறையில் பசியோடு அமர்ந்திருந்ததையும், தந்தை இல்லாததை ஆசிரியை எல்லோர் முன்னும் சுட்டிக்காட்டியதையும் 1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தெருவில் கேலி செய்யும் பையன்களை முந்திக்கொண்டு தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் அடி விழாது என்பதை அங்கேதான் கற்றார். தொல்காப்பியர் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும் வைத்தார். எள்ளப்படுபவன் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும்போது என்ன நேரும் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

1961 ஜனவரியில் சிகாகோவின் பிளேபாய் விடுதியில் ஒருநாள் மாற்று ஆளாக அழைக்கப்பட்டார். அன்று அவையில் இருந்தவர்கள் உறைபதன உணவு நிறுவனங்களைச் சேர்ந்த தென்மாநில வெள்ளையர். (உணவு வணிகர்கள்! வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.) நிகழ்ச்சியைத் தவிர்த்துவிடலாம் என்று விடுதியார் தயங்கியும் அவர் மேடையேறினார், சிரிக்க வைத்தார். அதன்பின் புகழ் விரைந்து வந்தது. ஜாக் பார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, வெள்ளைக் கலைஞர்களைப் போல் நிகழ்ச்சி முடிந்ததும் தம்மையும் இருக்கையில் அமர்த்தி உரையாடினால்தான் வருவேன் என்றார். அமர்ந்தார்.

இந்தப் புகழையும் வருவாயையும்தான் அவர் பணயம் வைத்தார். 1963-இல் பர்மிங்ஹாம் சிறை. 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக் கலவரத்தில் அமைதிப்படுத்தச் சென்று காலில் குண்டடி. மீன்பிடி உரிமை கேட்ட வாஷிங்டன் மாநிலத் தொல்குடியினருக்குத் துணைநின்றதற்காக 1968-இல் மீண்டும் சிறை, அங்கும் உண்ணாநோன்பு. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்று நாற்பத்தேழாயிரம் வாக்குகள் பெற்றார்.

கிரீன்வுட்டில் பட்டினி அதிகாரத்தின் கருவியாக இருந்தது. கிரிகோரி அதைத் தம் உடலுக்கு மாற்றிக்கொண்டார். வியட்நாம் போரை எதிர்த்து 1967-இல் நீண்ட நோன்பு இருந்தார். 1971 ஏப்ரலில் போர் முடியும்வரை திட உணவு உண்பதில்லை என்று தொடங்கியது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. காந்தியிடமிருந்து கிங் வழியாக வந்த அகிம்சையை அவர் விலங்குகளுக்கும் விரித்துப் புலால் மறுத்தார். 1973-இல் மதுவும் புகையும் நிறைந்த இரவு விடுதிகளையும் துறந்தார். 1976-இல் உலகப் பசியின்மீது கவனம் திருப்ப லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்வரை ஓடினார்.

நோன்புகளால் போர் நின்றதென்று நாம் சொல்லமாட்டோம். பிற்காலத்தில் அவர் சதிக் கோட்பாடுகளில் காட்டிய ஈடுபாடும், 1980-களில் உடல் எடை குறைக்கும் பானத் தூளை விற்றதும் அவரது அன்பர்களையே சங்கடப்படுத்தியவை. பசியை ஆயுதமாக்கியவர் கொழுப்பைக் கரைக்கும் வணிகத்தில் இறங்கியதை வெறும் வீழ்ச்சி என்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை. ஏழைக் கறுப்பினத்தவரின் உடல்நலம் அவரது நெடுநாள் கவலை. 2017 ஆகஸ்டில் மறையும்வரை மேடைகளில் பேசிக்கொண்டே இருந்தார்.

லஃப்ளோர் மாவட்டம் மைய அரசின் அழுத்தத்துக்குப் பணிந்து 1963 வசந்தத்தில் உணவு வழங்கலை மீண்டும் தொடங்கியது. வாக்காளர் பதிவுக்கு வரிசையில் நின்றவர்களோ அதன்பின்னும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; 1965-இன் வாக்குரிமைச் சட்டம்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.