தாள்ளகொண்டபாடு: ஒரு சிற்றூர் பாப்டிஸ்ட் சபையும் சட்டம் கேட்கும் சான்றும்

மதம் மாறிய தலித்துகளைச் சாதி பின்தொடர்கிறதா என்ற கேள்வி நீதிமன்றங்களில் இன்றும் வாதிடப்படுகிறது. அதற்கு விடை தரும் ஊர்களுள் ஒன்று தாள்ளகொண்டபாடு. அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில், ஓங்கோலிலிருந்து ஏறக்குறைய 40 மைல் தொலைவில் இருந்த சிற்றூர் அது.

அவ்வூர்ச் சபையின் தொடக்கம் ஒரு மாதிகரின் தேடலில் இருக்கிறது. தோல் வணிகரான யெர்ரகுண்ட்ல பேரய்யா, ராஜயோக மரபைப் பின்பற்றியவர். தொழில் நிமித்தம் வடக்கே ஏலூருக்குச் சென்றபோது கிறித்தவ போதனையைக் கேட்டுத் திரும்பினார். 1866இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி லைமன் ஜூவெட்டிடம் அவரும் அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்றனர். 1867 ஜனவரி 1 அன்று 8 உறுப்பினர்களுடன் ஓங்கோல் சபை அமைந்தது. அதே மாதம் மிஷனரி ஜான் கிளவ் தாள்ளகொண்டபாட்டுக்கு வந்தார். புளியந்தோப்பில் ஐந்து நாள் நடந்த கூட்டத்தின் முடிவில் 28 பேர் திருமுழுக்குப் பெற்றனர். சுற்றுவட்டார மாதிகர்களை அங்கே திரட்டியவர் பேரய்யாவே.

புதிய சபையினருக்குக் கிளவ் விதித்த நெறிகள் மூன்று: ஞாயிறன்று வேலை செய்யலாகாது, செத்த விலங்கின் இறைச்சி உண்ணலாகாது, சிலைகளை வணங்கலாகாது. இவை சமய ஒழுக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அழைத்தபோதெல்லாம் வேலைக்குச் செல்வதும், ஊர்த் தெய்வத் திருவிழாக்களில் தப்பு அடிப்பதும் மாதிகர்மீது சுமத்தப்பட்ட சாதிக் கடமைகள். சபையில் சேர்ந்தவர் அவற்றை மறுத்தார்.

ஆதிக்கச் சாதியினர் உடனே பதிலடி கொடுத்தனர். வண்ணார் துணி வெளுக்கக் கூடாது, குயவர் பானை விற்கக் கூடாது என்று தடுத்தனர். பொது மேய்ச்சல் நிலத்திலிருந்து சபையினரின் கால்நடைகளை விரட்டினர். அறுவடை வேலையையும் அதனால் கிடைத்த தானியக் கூலியையும் மறுத்தனர். திருமுழுக்குப் பெற்றவர் ஊரைப் பொறுத்தவரை மாதிகராகவே இருந்தார்.

இத்தகைய சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. ஆயினும் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே ஏற்கிறது. சீக்கியர் 1956லும் பௌத்தர் 1990லும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கின்றனர். ஆந்திரத்தில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் 'சி' பிரிவில் 1 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்குள் அடங்குகின்றனர்.

1985இல் சூசை எதிர் இந்திய ஒன்றியம் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் தொடுத்த வழக்கு அது. இந்துத் தொழிலாளர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. சாதியின் ஊனங்கள் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையுடன் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். 3ஆம் பத்தியை நீக்குமாறு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, பத்தி நீங்கவில்லை.

நீதிமன்றம் கேட்ட சான்றுகள் சிற்றூர்ச் சபைகளில் உள்ளன. திருமுழுக்குப் பதிவேடுகள், கல்லறை நிலங்களின் எல்லைகள், கிணற்றுத் தகராறுகள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றை ஊர்வாரியாக, தேதியிட்டுத் தொகுப்பது மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி. அடுத்த வழக்கில் நம்மிடம் அந்த ஆவணங்கள் இருக்க வேண்டும்.