வெண்டைக்காய்: ஒரு விதையின் கணக்கு

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும் என்று சொல்லாத பாட்டி தமிழ்நாட்டில் கிடையாது. (காமர்ஸ் படிக்கிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள், பேலன்ஸ் ஷீட் டேலி ஆன பாடில்லை!) கணக்கு வருகிறதோ இல்லையோ, அந்தக் காய்க்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது கன்னியாகுமரி மாவட்டத்து விளைகள் வரைக்கும் வந்திருக்கிறது.

வெண்டை எங்கே பிறந்தது? இதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டைதான். எத்தியோப்பியா என்கிறார்கள் சிலர், மேற்கு ஆப்பிரிக்கா என்கிறார்கள் சிலர். இந்தியாவிலும் இதன் காட்டு உறவினங்கள் பல இருப்பதால் இங்கேயும் பிறந்திருக்கலாம் என்பது மூன்றாவது கட்சி. எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று 1216-ல் எகிப்துக்குப் போன ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் தாவர அறிஞர் அபுல் அப்பாஸ் அல்-நபாத்தி எழுதியது. பிறகு ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலில் ஏற்றிப் போனபோது வெண்டையும் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. ஓக்ரா என்ற ஆங்கிலப் பெயரே மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து போனதுதான். 1753-ல் லின்னேயஸ் இதைச் செம்பருத்தி இனத்தில் சேர்த்துப் பெயர் வைத்தார். சேர்த்ததில் தப்பில்லை. ஒரு பூவரசம் பூவையும் ஒரு வெண்டைப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே மஞ்சள், நடுவில் அதே கருஞ்சிவப்பு. சொந்தக்காரர்கள் என்று சொல்லாமலே தெரியும்.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். இது நெல் நாடு. புரட்டாசியை ஒட்டி அறுக்கும் கன்னிப்பூ, மாசியில் அறுக்கும் கும்பப்பூ என்று இரண்டு பூ. மலையாள மாதங்களின் பெயரில் போகம் சொல்வது திருவிதாங்கூர் காலத்தின் மிச்சம். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்த பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் முதலில் போவது வயலுக்கு. காய்கறிக்கு இடம் இரண்டுதான். ஒன்று கும்பப்பூ அறுத்த பிறகு சும்மா கிடக்கும் வயல். மற்றொன்று மேட்டு நிலமான விளை. ஊர்ப் பெயர்களின் கடைசியில் எத்தனை 'விளை' இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த நிலத்தின் முக்கியம் புரியும்.

வெண்டை போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விதையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பாருக்குப் பார் ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு ஊன்ற வேண்டும். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 3 கிலோ விதை. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நெருக்கமாக வந்ததைப் பிடுங்கிக் கலைத்துவிட்டுக் களையெடுத்தால், 40 நாள் வாக்கில் பூ. காலையில் விரியும் பூ அன்றைக்கே வாடிவிடும். அடுத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் காய் முற்றிவிடும், சந்தையில் நுனியை ஒடித்துப் பார்க்கிற அக்காமார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். செடியில் உள்ள சுணை பட்டுக் கை முழுக்க அரிக்கும். விலை ஏறும் வரை காத்திருக்கலாம் என்றால் அதுவும் முடியாது. நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம், வெண்டையை எதில் போட்டு வைப்பது? வடசேரி சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான்.

இந்தச் செடிக்கு ஒரு எமன் உண்டு, மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இலையின் நரம்பெல்லாம் மஞ்சளாகி, பிறகு இலையே மஞ்சளாகி, காயும் வெளுத்துச் சிறுத்துப் போகும். வைரஸ் நோய், பரப்புவது வெள்ளை ஈ. இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது 1924-ல், அன்றைய பம்பாய் மாகாணத்தில். மருந்தடித்து ஈயைக் கொல்லலாமே தவிர, வந்த நோயை மாற்ற வழியில்லை.

தீர்வு விதையில்தான் என்று கிளம்பியது டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். ஹர்பஜன் சிங் தலைமையிலான குழு, மேற்கு வங்கத்திலிருந்து கிடைத்த ஒரு வெண்டையைக் கண்டுபிடித்தது. வைரஸ் உள்ளே போனாலும் அந்தச் செடி அறிகுறி காட்டாது. அதை 'பூசா மக்மலி' ரகத்தோடு சேர்த்து, 1960 வாக்கில் வெளியிட்டதுதான் 'பூசா சவானி'. நாடு முழுக்க அது பரவியது. பச்சைக் காய், நல்ல நீளம், நோயும் இல்லை. பிறகென்ன வேண்டும்? ஊருக்கு ஊர் வைத்திருந்த சொந்த விதைகள் பின்னால் போயின. குமரியிலும் கேரளத்திலும் வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த, யானைத் தந்தம் போல வளைந்து நீளும் வெளிர்நிறக் காயான 'ஆனக்கொம்பன்' போன்றவை இன்று விதை சேகரிப்பவர்கள் தேடிப் பிடித்துக் காப்பாற்றுகிற பொருளாகிவிட்டன.

ஆனால் வைரஸ் சும்மா இருக்குமா? பத்துப் பதினைந்து வருடத்தில் பூசா சவானியும் மஞ்சளாக ஆரம்பித்தது. மறுபடி ஆராய்ச்சி. மதுரை வேளாண் கல்லூரி பூசா சவானியிலிருந்தே எம்.டி.யு 1 ரகத்தை எடுத்தது. 1980-களில் மகாராஷ்டிராவின் 'பர்பானி கிராந்தி', பெங்களூரின் 'அர்கா அனாமிகா' எல்லாம் காட்டு உறவினங்களிடம் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்கிப் பிறந்தவை. அவற்றுக்கும் பல இடங்களில் காலப்போக்கில் நோய் வந்தது. ஒரே விதையை நாடு முழுக்க விதைத்தால், வைரஸ் ஒரு பூட்டை மட்டும் திறக்கப் பழகினால் போதும் அல்லவா!

1988-ன் புதிய விதைக் கொள்கைக்குப் பிறகு தனியார் வீரிய ஒட்டு விதைகள் கடைக்கு வந்தன. விளைச்சல் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தக் காயிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் தாய்ச் செடி மாதிரியே வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிற்கும். ஆக ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைப் பாக்கெட். 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், மற்றவருக்குக் கொடுக்கவும் உரிமை தந்திருக்கிறது. வீரிய ஒட்டு விதை போடுகிறவருக்கு அந்த உரிமையால் என்ன பிரயோஜனம்?

சொந்த விதை வைப்பது அவ்வளவு செலவா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் விதை சுமார் 60 கிராம், ஆக 3 கிலோ என்றால் 50,000 விதை. ஒரு காயில் 50 விதை என்று வைத்தால் 1,000 காய். செடிக்கு 8 காயைப் பறிக்காமல் முற்ற விட்டால் 125 செடி போதும். மேலே சொன்ன இடைவெளியில் ஒரு ஏக்கரில் நிற்பது ஏறக்குறைய 30,000 செடி. நூற்றுக்கு அரைகூட இல்லை! சாதாரண ரகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேனீ வந்து அடுத்த விளை மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால் ஓரத்துச் செடிகளை விட்டுவிட்டு நடுவில் நிற்பவற்றில், ஒரு இலைகூட மஞ்சளாகாததைப் பார்த்து நூல் கட்டி வைப்பார்கள். காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, உதிர்த்து, வெயிலில் உலர்த்தி, சாம்பல் கலந்து அடுத்த பட்டம் வரை மூடி வைப்பார்கள்.