ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை

எனக்கு சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்றார். நன்றாகத் தெரிகிற கண்ணை எதற்கு வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்று கேட்டேன். "தெரியாம போனப்புறம் வந்தா, போனதை முழுசா மீட்டுத் தர முடியாது சார்" என்றார். அவருக்கு இது எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும்? அந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்ததன் குறிப்புகள் இவை.

1922-ல் இன்சுலின் வந்தது. அதுவரை சீக்கிரமே இறந்துபோன நோயாளிகள் இருபது, முப்பது வருஷம் வாழ ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அத்தனை வருஷம் வாழ்ந்தவர்களுக்குக் கண் போக ஆரம்பித்தது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிலது கசியும், சிலது அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி சிக்னல் அனுப்பும். அப்படி வளரும் குழாய்கள் பலவீனமானவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும்.

இதற்கு 1950களில் செய்த வைத்தியத்தைக் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணுக்குக் கண் நோய் தானாகவே குறைந்தது என்று 1953-ல் பவுல்சன் என்ற மருத்துவர் எழுதினார். அந்த நம்பிக்கையில், மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பியையே அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள், அல்லது அழித்தார்கள். கண் பிழைத்தாலும், ஆள் ஆயுள் முழுக்க ஹார்மோன் மருந்தில் வாழ வேண்டும்.

இன்னொரு வழி ஜெர்மனியில் தொடங்கியது. 1945 ஜூலை 10 சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவரின் விழித்திரையில் தீக்காயம். அவரைப் பரிசோதித்த கெர்ட் மேயர்-ஷ்விக்கராத்துக்கு ஒரு யோசனை வந்தது: ஒளியே இப்படிச் சுடுமென்றால், அதை வைத்தே விழித்திரை ஓட்டையை ஒட்டலாமே? முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். பிறகு செனான் விளக்கு வந்தது, 1960களில் லேசர் வந்தது.

பாஸ்டனில் பீத்தம், ஐயெல்லோ என்ற இரு மருத்துவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். விழித்திரையில் ஏற்கெனவே பழைய தழும்புகள் இருந்த கண்களில் சர்க்கரை நோயின் பாதிப்பு குறைவாக இருந்தது. அப்படியானால், நாமே தழும்பு போட்டால்? விழித்திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டார்கள். ஓரத்தைக் கொஞ்சம் இழந்து நடுவைக் காப்பாற்றும் கணக்கு இது.

1968-ல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில், ஏர்லி ஹவுஸ் என்ற இடத்தில் நிபுணர்கள் கூடினார்கள். சுரப்பியை எடுப்பதா, ஒளியால் சுடுவதா? எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. காரணம், இந்த நோய் சிலருக்குத் தானாகவே அடங்கும். அடங்கியது சிகிச்சையாலா, இயல்பாகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் தொழிலில் இதற்கு ஏ/பி டெஸ்டிங் என்று பெயர். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. இங்கே இன்னும் துல்லியமான வசதி ஒன்று இருந்தது: ஒரு மனிதருக்கு இரண்டு கண்கள். வயது, சுகர் அளவு, ரத்த அழுத்தம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

அமெரிக்க தேசிய கண் நிறுவனம் 15 மையங்களில் ஆய்வை நடத்தியது. 1972 முதல் 1975 வரை 1,700க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் எந்தக் கண்ணைச் சுடுவது என்று குலுக்கல் முறையில் முடிவாகும். இன்னொரு கண்ணைத் தொடமாட்டார்கள்.

இரண்டு ஆண்டுக் கணக்கு 1976-ல் வெளியானது. தொடாத கண்களில் 16.3 சதவீதம் கடுமையான பார்வை இழப்பு. சுட்ட கண்களில் 6.4 சதவீதம். ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் விதியை மாற்றினார்கள். ஆபத்து அதிகமுள்ள தொடாத கண்களுக்கும் சிகிச்சை தரலாம் என்றார்கள். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை வழக்கொழிந்தது.

சதவீதமாகப் படித்தால் சாதாரணமாகக் கடந்துவிடலாம். கொஞ்சம் நின்று யோசித்தால், நூறு பேரில் சுமார் பத்துப் பேர், குலுக்கலில் தவறிய ஒரே காரணத்தால் அந்தக் கண்ணை இழந்திருக்கிறார்கள். யார் மேலும் தப்பு இல்லை. நல்ல விழித்திரையைச் சுடுவதால் கெடுதல்தானோ என்ற சந்தேகமும் அன்று நியாயமானதே. செனான் ஒளியால் சுடப்பட்ட சில கண்களில் பக்கவாட்டுப் பார்வை குறையவும் செய்தது.

சரி, சிகிச்சை கிடைத்தாயிற்று. பிறகும் மக்கள் ஏன் பார்வை இழந்தார்கள்? லேசர் இருக்கிற பார்வையைக் காக்கும், போனதைப் பெரும்பாலும் திருப்பித் தராது. நோயோ கடைசிவரை வலிக்காது, மங்காது. கஷ்டம் தெரிந்து வருகிறவர் தாமதமாகத்தான் வருகிறார். ஆக, கஷ்டமே இல்லாதவரைத் தேடிக் கூப்பிட வேண்டும்.

இங்கிலாந்து அதைச் செய்தது. 2003-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 12 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை ஆண்டுதோறும் அழைத்து விழித்திரையைப் படம் எடுத்தார்கள். 2014-ல் வந்த ஓர் ஆய்வு, 2009-10ஆம் ஆண்டின் பார்வை இழப்புச் சான்றிதழ்களை அலசியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து சர்க்கரை நோய் இறங்கியிருந்தது. குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் இதுவே முதல் முறை. சுகர் கட்டுப்பாடு மேம்பட்டதற்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

இப்போது மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அது என் ஏரியா, இன்னொரு பதிவில் எழுதுகிறேன். ஆனால் எந்த மென்பொருளும், படம் எடுக்க வராத கண்ணைப் பார்க்க முடியாது.

டாக்டரின் அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால், குலுக்கலில் தவறிய அத்தனை கண்கள் இருக்கின்றன. அடுத்த வருஷத் தேதியைக் காலண்டரில் போட்டுவிட்டேன். உங்களுக்கும் சுகர் இருந்தால், நன்றாகத் தெரிகிறபோதே போய்க் காட்டிவிடுங்கள்.