பால்வீதியின் நடுவே பழம்பெரும் விண்மீன்கள்

ஒரே சொல் துறைதோறும் வேறு பொருள் பெறுதல் இயல்பு. வானியலார் வழக்கில் ‘உலோகம்’ என்பது இரும்பையும் செம்பையும் மட்டும் குறிப்பதன்று. ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டும் நீங்கலாக ஏனைய தனிமங்கள் அனைத்தும், உயிர்மூச்சுக்குரிய ஆக்சிஜனும்கூட, அவர்களுக்கு உலோகமே. பெருவெடிப்பில் தோன்றியவை அவ்விரண்டும் சிறிதளவு லித்தியமும். மற்றவற்றுள் பெரும்பாலானவை விண்மீன்களால் ஆக்கப்பட்டு, அவை அழிந்தபோது வெளியெங்கும் பரவின. ஆதலின், உலோகம் மிகக் குறைந்த விண்மீன் அவ்வாக்கத்தின் தொடக்க நாள்களுக்குச் சான்றாக நிற்கிறது. அத்தகைய சான்றைப் பால்வீதியின் நடுவில் தேடிய வரலாறு, எதிர்பார்ப்பும் உண்மையும் பலமுறை முரண்பட்ட வரலாறாகும்.

விண்மீனின் ஒளியைப் பிரித்து அதன் பொருளை அறியும் வழியைச் செம்மையாக்கியவருள் ஒருவர் மேகநாத் சாகா. 1920-இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டு, ஹார்வர்டு வானாய்வகத்தில் சிசிலியா பெய்ன் 1925-இல் தம் ஆய்வேட்டை முடித்தார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பது அவர் கண்ட முடிவு. மூத்த அறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதனை ஏற்கவில்லை. ஆய்வேட்டிலேயே அம்முடிவு மெய்யாக இராது என்று எழுத நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். உலோகம் விண்மீனில் சிறுபகுதியே என்னும் இவ்வறிவின்றிப் பின்வந்த தேடல் எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகள் தணிக்கப்பட்டன. ஜெர்மானியராகப் பிறந்தமையால் போர்ப்பணியிற் சேராத வால்டர் பாடே, அவ்விருளில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியைப் பயன்படுத்தி, ஆந்திரமேடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனிச் செந்நிற விண்மீன்களாகப் பிரித்துக் கண்டார். 1944-இல் விண்மீன்களை இரு குலங்களாக வகுத்தார். பின்னர் நம் பால்வீதியின் நடுவை நாடினார். தனுசு மண்டலத் திசையில் தூசுப்படலம் பார்வையை மறைப்பினும், தூசு குறைந்த ஒரு பகுதியை அவர் தேர்ந்தார். அது இன்றும் ‘பாடேயின் சாளரம்’ எனப்படுகிறது.

1951-இல் சேம்பர்லினும் ஆலரும் இரு விண்மீன்களில் உலோகம் கதிரவனைவிட மிகக் குறைவெனக் காட்டினர். பழமை எனில் உலோகக் குறைவு என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆயின் 1983-இல் விட்ஃபோர்டும் ரிச்சும் பாடேயின் சாளரத்தில் கண்ட பெருமீன்கள் பல, உலோகம் மிக்கவையாயிருந்தன. காரணம் தெளிவு. நடுப்பகுதியில் வாயு அடர்ந்திருந்தமையால் தலைமுறைகள் விரைந்து தோன்றி மறைந்தன. உலோகமும் விரைந்து மிகுந்தது. முதியவையே செழுமையும் உடையவாயின.

ஆகவே உலோகம் குன்றிய விண்மீன்களை ஆய்வாளர் பெரிதும் பால்வீதியின் புறவட்டத்திலேயே தேடினர். எனினும், முதன்முதல் திரண்ட பொருளே மையத்தில் அமையும். எனவே ஆகப் பழைய விண்மீன்கள் நடுவிலேயே இருத்தல் வேண்டும் என 2000-இல் வெளியான கணினிவழி ஆய்வு உணர்த்தியது. ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கி, உலோகக் குறைவை நிறத்தால் காட்டும் வடிகட்டியுடன் இலட்சக்கணக்கான விண்மீன்களைச் சலித்தது. 2015-இல் லூயிஸ் ஹோவ்ஸ் குழுவினர் 23 விண்மீன்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில் இரும்பு, கதிரவனில் உள்ளதன் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே.

நடுவில் காணப்படுவன எல்லாம் நடுவுக்கே உரியவை அல்ல. சில புறத்திலிருந்து வந்து கடந்து செல்பவை. இயக்கத்தை அளந்தே குடியையும் விருந்தையும் பிரித்தறிய முடியும். கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு 2022-இல் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸ் குழுவினர், உலோகம் குறைந்த ஏறத்தாழ 18,000 முதிய விண்மீன்கள் உட்பகுதியில் செறிந்திருத்தலைக் காட்டினர்.

உலோகம் அறவே இல்லாத முதல் தலைமுறை விண்மீன் எதுவும் இன்னும் கிட்டவில்லை. கிட்டியவை அதன் வழித்தோன்றல்களே. முன்னோர் பெயர் அறியப்படாத ஏட்டில் பாடம் கொண்டு காலம் கணிப்பதுபோல, அவ்வொளியில் எஞ்சிய சிறிதளவு இரும்பைக் கொண்டே மறைந்தவற்றின் வரலாறு எழுதப்படுகிறது.